உப்பு பார்க்க ஒரு ஆள்

சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 18 ஜனவரி 1937

என் ஓரகத்தி, தங்கச்சி அம்மணிக்கு அக்காள் சவுரியம்மாள் எழுதுவது. இங்கே உன் மாமாவும் நானும் கறுப்பாடும் சர்வேசுரன் புண்ணியத்தில் நன்றாக இருக்கிறோம். விழுப்புரத்துத் தண்ணீர் உனக்கு ஒத்துக்கொள்கிறதா, லோகோ ஷெட்டில் கொழுந்தனாருக்கு வேலை எப்படி என்று எழுது.

நீங்கள் ரயிலேறிப் போனதிலிருந்து வீடு வெறிச்சென்று கிடக்கிறது. சண்டை போட ஆள் இல்லை. உன் மாமாவோடு சண்டைக்குப் போனால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கழனிக்குப் போய்விடுகிறார்.

கிறிஸ்மஸ் குழம்பைப் பற்றி ஊர் இன்னும் பேசி ஓயவில்லை. கிணற்றடிக்குப் போனால், "இன்னாக்கா, மரக்காணம் உப்பளத்துலேர்ந்து வந்துக்கினு கீறியா" என்கிறார்கள். நம் மாமியார் இருந்தவரை இந்தத் தொல்லை இல்லை. படுக்கையில் கிடந்தவருக்கு ஒருசந்தி நோன்பு வேண்டாம் என்று சுவாமியார் விலக்கு கொடுத்திருந்தார். குழம்பை அவர் நாக்கில் ஒரு சொட்டு விட்டால் போதும், சொல்லிவிடுவார். நமக்கோ பண்டிகைக்கு முந்தின நாள் ஒருசந்தி, கறி நாக்கில் படக்கூடாது. நடுச்சாமம் தாண்டினால் பூசையில் நன்மை அப்பம் வாங்கும்வரை பச்சைத் தண்ணீரும் கூடாது. பூசை முடிந்து பசியோடு வருகிற கூட்டத்துக்கு நம் சந்தைக் கடையில் குடல் குழம்பு அதற்குள் தயாராக இருக்கவேண்டும். சமைக்கிறவளே ருசி பார்க்கமுடியாத குழம்பு இது. மாமியார் போன முதல் வருஷமே மானம் போயிற்று. நான் உப்பைப் போட்டுவிட்டுச் சுவாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். நீ பாவசங்கீர்த்தனம் முடித்து வந்து இன்னொரு கை போட்டாய்.

நேற்று நாட்டாமை பெரியசாமி வந்து சொல்லிவிட்டுப் போனார். "இந்தத் தடவ போவட்டும். அடுத்த கிறிஸ்மஸ் சந்தையிலயும் இப்டி ஆச்சின்னா கோயில் வாசல் புளியமரத்தடி எடம் ஆப்பக்கடை முனியம்மாளுக்குத்தான். அப்பறம் எங்கிட்ட அழுதுக்கினு நிக்காத."

அம்மணி, வருஷம் முழுக்க நான் அடுத்தவர் கழனியில் குனிகிறவள். அந்த ஒரு ராத்திரிதான் என் அடுப்புக்கு நான் எஜமானி. இருட்டில் பசியோடு வருகிற மேலத்தெருக்காரர்கள்கூட யார் கை என்று பார்க்காமல் நம் இலையில் உட்காருவார்கள். அந்த இடத்தை நான் விடமாட்டேன். நீ டிசம்பரில் வந்துவிட வேண்டும். என்மேல் கோபம் இருந்தால் கோபமாகவே எழுது, எழுதாமல் மட்டும் இருக்காதே.

உன் அக்காள்
சவுரியம்மாள்


விழுப்புரம், 9 பிப்ரவரி 1937

மரியாதைக்குரிய அக்காளுக்கு அம்மணி தோத்திரம் சொல்லி எழுதிக்கொண்டது. மாதா தயவில் நாங்கள் சுகம். மாமாவுக்கு இருமல் நின்றதா? கறுப்பாடு என்னைத் தேடுகிறதா?

இங்கே எங்களுக்கு ஒரே அறை, எதிரே தண்டவாளம். வெள்ளைத்துணி துவைத்துக் காயப்போட்டால் சாம்பல் நிறத்தில் எடுக்கிறேன். இவர் கரி அள்ளிவிட்டு வந்தால் பல் மட்டும்தான் தெரிகிறது. பால் ஊற்றுகிற திருவாமாத்தூர்க்காரி தவிர எனக்குப் பேச்சுத்துணை இல்லை. நீங்கள் திட்டுவதைக் கேட்காமல் காது அடைத்துப்போன மாதிரி இருக்கிறது.

அக்கா, உப்பு விஷயத்தில் நான் பணிந்துபோக மாட்டேன். முதலில் போட்டது நான். நீங்கள்தான் பாவசங்கீர்த்தனம் முடித்த சந்தோஷத்தில் வந்து இன்னொரு கை போட்டீர்கள். மற்றபடி உங்கள்மேல் கோபமில்லை. டிசம்பரில் முன்கூட்டியே வந்துவிடுவேன். மசாலை அரைக்க அம்மியை எனக்கு விட்டுவையுங்கள். உப்பை யாராவது ஒருத்தர் மட்டும் போடுவோம்.

தங்கள் தங்கச்சி
அம்மணி


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 11 ஏப்ரல் 1937

தங்கச்சி அம்மணிக்கு. உயிர்த்த திருநாள் நல்லபடியாகக் கழிந்தது. உன் மாமாவுக்கு இருமல் விட்டது, பேச்சு வந்துவிட்டது, அதுதான் எனக்குக் கஷ்டம். நீங்கள் இருவரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருத்தி உப்பு போட்டாலும் சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஆள் வேண்டுமே. உபதேசியார் சவுரிராயனிடம் போய்க் கேட்டேன். நாக்கில் வைத்துவிட்டுத் துப்பினால் பாவமா என்றேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு சொன்னார்: "நாக்குல பட்டா பட்டதுதாம்மா. துப்பிட்டா மட்டும் சர்வேசுரன் கண்ணுக்குத் தெரியாதா." சுவாமியார் பெரிய திருநாளுக்குத்தான் இந்த ஊருக்கு வருகிறார். அந்தக் கூட்டத்தில் அவரிடம் எங்கே பேசுவது. உபதேசியார் சொன்னால் சொன்னதுதான்.

ஆகவே ஒருசந்தி இல்லாத ஆளாகப் பார்த்தேன். வண்டிக்கார விருத்தாசலம் நம் சேரிக்காரர், மாரியம்மன் கும்பிடுகிறவர், அவருக்கு எந்தத் தடையும் இல்லை. போன ஞாயிற்றுக்கிழமை சோதித்துப் பார்க்கலாம் என்று குழம்பில் வேண்டுமென்றே உப்பு போடாமல் கொடுத்தேன். சப்புக்கொட்டிக் குடித்துவிட்டு, "தங்கச்சி, அளவா கீது" என்றார். அடுத்த கிண்ணத்தில் ஒரு பிடி உப்பைக் கலக்கிக் கொடுத்தேன். "இதுவும் அளவா கீது" என்றார். புகையிலையைக் குதப்பிக் குதப்பி அந்த நாக்கு எருமைத்தோலாகிவிட்டது. ஆள் நல்லவர். வண்டி ஓட்டட்டும்.

உனக்கு யாராவது தோன்றினால் எழுது.

உன் அக்காள்
சவுரியம்மாள்


விழுப்புரம், 20 ஜூன் 1937

அன்பு மிகுந்த அக்காளுக்கு அம்மணி வணக்கம். வெயில் தகரக் கூரையைப் பிளக்கிறது, மற்றபடி குறைவில்லை. உங்கள் இருவர் சுகத்தையும் கேட்டு எழுதுகிறேன். பதில் தாமதமானதற்கு மன்னிக்கவும். இவருக்கு ராத்திரி வேலை, பகலில் தூங்குகிறார், எழுத உட்கார்ந்தால் பேனா கீறும் சத்தத்துக்கே விழித்துக்கொள்கிறார்.

விருத்தாசலம் மாமாவை நினைத்து நானும் இவரும் சிரித்தோம். எனக்கு ஒரு யோசனை. சந்தைக்கு வருஷா வருஷம் கோட்டக்குப்பத்திலிருந்து வளையல் கூடையோடு வருவாரே குல்சும் பீவி, அவர் நம் கடைக்குப் பக்கத்தில்தானே உட்காருவார். அவர் வாய் ருசிக்காரர். முறைப்படி அறுத்த கறியாக இருந்தால்தான் வாயில் வைப்பார். அவர் வீட்டுக்காரர் அமீர் பாட்சா கசாப்புக்காரர்தானே. ஆட்டை அவரையே அறுக்கச் சொன்னால் என்ன?

நீங்கள் அனுப்பிய மல்லாட்டையைத் தோலுரித்துக் கடலையை வறுத்துக்கொண்டேயிருக்கிறேன். பக்கத்து வீடுகளுக்கும் கொடுத்தேன்.

தங்கள் தங்கச்சி
அம்மணி


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 22 ஆகஸ்ட் 1937

தங்கச்சி அம்மணிக்கு. நாங்கள் சுகம். மழை இரண்டு முறை பெய்தது, கேப்பை முளைத்திருக்கிறது. உன் சுகத்தையும் கொழுந்தனார் சுகத்தையும் எழுது.

உன் மூளைக்கு ஒரு வெள்ளிக் காப்பு செய்து போடலாம். விருத்தாசலம் வண்டியில் கோட்டக்குப்பத்துக்கே போய்விட்டு வந்தேன். குல்சும் பீவி எனக்கு வெல்லம் போட்ட டீ கொடுத்து விஷயத்தைக் கேட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எங்களுக்கு நோம்புன்னா சூரியன் எறங்கினா முடிஞ்சிதும்மா. ஒங்களுக்கு ராத்திரியில கூட வுடமாட்டாங்க போலகீதே. சரி போ, ஆட்ட எங்கூட்டுக்காரரு அறுக்கட்டும், ஒனக்காவ நான் வந்து ருசி பாக்கறேன்" என்றார். திரும்பும்போது எனக்கு ஒரு ஜோடி பச்சை வளையலும் மாட்டிவிட்டார்.

ஆக ஆடு தயார், நாக்கு தயார். நீ வந்து அம்மியில் உட்காரவேண்டியதுதான். என்றைக்கு வருகிறாய் என்று உடனே எழுது. நாட்டாமை என்னைப் பார்க்கும்போதெல்லாம் முனியம்மாள் புது ஆப்பச்சட்டி வாங்கியிருக்கிறாள் என்று சொல்லிக்கொண்டே போகிறார்.

உன் அக்காள்
சவுரியம்மாள்


விழுப்புரம், 17 அக்டோபர் 1937

அக்காளுக்கு அம்மணி தோத்திரம். சுகம். உங்கள் சுகம் அறிய ஆவல்.

இந்தக் கிறிஸ்மஸுக்கு நான் வரமுடியாது போலிருக்கிறது. இவருக்கு லீவு கிடைப்பது சந்தேகம். எனக்கும் கொஞ்ச நாளாக இந்தக் கரிப்புகை குமட்டுகிறது, தாளிக்கிற வாசனைகூட ஆகவில்லை. கேப்பைக் கூழ் மட்டும் இறங்குகிறது. கவலைப்பட ஒன்றும் இல்லை. குல்சும் பீவி இருக்கிறார், நீங்கள் தைரியமாகச் செய்யுங்கள். மாமாவுக்கு வணக்கம்.

அம்மணி


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 1 நவம்பர் 1937

அம்மணிக்கு. நாங்கள் இருக்கிறோம். நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன்.

ஊரெல்லாம் கேட்ட பிறகுதான் உன் கார்டு எனக்கு வந்தது. தபால்கார சீனுவாசனுக்கு அடுத்தவர் கார்டைப் படிக்காவிட்டால் கால் நடக்காது. தெருமுனையிலேயே, "சவுரியம்மா, ஒன் ஓரகத்தி வரலியாம், ரயிலு பொகை ஒத்துக்கலியாம்" என்று கூவிவிட்டார். முனியம்மாள் காதில் அது விழுந்தது. அவள் சிரித்தாளா இல்லையா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஜனவரியிலிருந்து உனக்குக் குமட்டாத புகை இப்போது புதிதாகவா குமட்டுகிறது. லீவு இல்லையென்றால் இல்லையென்று சொல். பட்டணத்துக்காரியாகிவிட்டேன், புளியமரத்தடியில் குடலைக் கழுவ இனி வரமாட்டேன் என்றால் அதையாவது சொல். உப்பைப் பற்றி நான் பேசியது உன் மனதில் தங்கிவிட்டதா? நான் வாய்க்கொழுப்பில் பேசுகிறவள் என்று உனக்குத் தெரியாதா? இத்தனை வருஷம் ஒரே பானையில் சாப்பிட்டுவிட்டு இப்படிக் கார்டில் கால் பக்கம் எழுதுகிறாயே. எனக்கு மனசு வலிக்கிறது அம்மணி.

சவுரியம்மாள்


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 15 டிசம்பர் 1937

தங்கச்சிக்கு அக்காள் எழுதுவது. போன கடிதத்துக்கு நீ பதில் போடவில்லை. தினமும் சீனுவாசன் முகத்தைப் பார்த்துப் பார்த்து அலுத்துவிட்டேன். உடம்புக்கு ஏதாவதா? கோபத்தில் எழுதியதையெல்லாம் கிழித்துப்போடு.

குல்சும் பீவியிடமிருந்து ஆள் வந்தது. அவர் மகளுக்கு இது தலைப்பிரசவம், இன்றோ நாளையோ என்றிருக்கிறதாம், அவரால் நகரமுடியாது. ஆட்டை மட்டும் அறுத்துக் கொடுத்தனுப்புகிறாராம். என் கெட்ட நேரம். மகள் பிரசவத்தை விட்டுவிட்டு என் குழம்புக்கு உப்பு பார்க்க வா என்று யாரைக் கூப்பிடமுடியும். "கொழம்பு வேணாம், இட்லிக்குச் சட்னி அரச்சிக்கினு போயேன்" என்கிறார் உன் மாமா. விடிய விடிய விழித்துப் பூசை பார்த்துவிட்டு வருகிறவனுக்குச் சட்னி.

உப்பை நானே கண்ணளவில் போட்டுவிட்டு மாதாவை வேண்டிக்கொள்ளப்போகிறேன். இடம் போனால் போகிறது. சுகமாயிருக்கிறேன் என்று நீ ஒரு வரி மட்டும் எழுது.

உன் அக்காள்
சவுரியம்மாள்


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 29 டிசம்பர் 1937

என் கண்ணே அம்மணிக்கு அக்காள் ஆசீர்வாதம். நீங்கள் பத்திரமாகப் போய்ச் சேர்ந்ததற்குப் பதில் எழுது. இதைக் கவரில் போட்டுச் சோற்றுப் பருக்கையால் நான்கு பக்கமும் ஒட்டியிருக்கிறேன். சீனுவாசன் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாலும் ஒன்றும் தெரியாது.

அன்றைக்கு நீ பார்க்காததை எழுதுகிறேன். விளக்கு வைக்கிற நேரத்தில் விருத்தாசலம் வண்டி வந்ததை முதலில் பார்த்தவள் நான்தான். வண்டியில் வைக்கோல் மெத்தை மாதிரி குவிந்திருந்தது. கொழுந்தனார் வண்டியில் ஏறாமல் மாட்டின் மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு, மாதா தேர் இழுக்கிறவர் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்து வந்தார். இந்த மனுஷனுக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தேனே தவிர வேறொன்றும் எனக்குத் தோன்றவில்லை. நீ இறங்கி வந்து நின்றதும் எனக்குச் சந்தோஷத்தில் என்ன பேசுகிறேன் என்றே தெரியவில்லை. அதனால்தான், "வந்துட்டியா, மசாலால்லாம் அரச்சி முடிச்சப்பறம் வா" என்று சொன்னேன்.

நீ என் கையிலிருந்து கரண்டியை வாங்கினாய். கிளறத்தான் வாங்குகிறாய் என்று நினைத்தேன். உள்ளங்கையில் ஒரு சொட்டு விட்டு நீ நாக்கில் வைத்ததும் எனக்கு உடம்பு பற்றி எரிந்தது. ஒருசந்தி நாளில், கோவில் வாசலில், கறிக்குழம்பு. என் கடைக்காக இவள் பாவத்தில் விழுகிறாளே என்று கரண்டியைப் பிடுங்கக் கையை நீட்டிவிட்டேன். அதற்குள் நாட்டாமை பார்த்துவிட்டார். "இன்னாம்மா இது, ஒருசந்தியன்னிக்கி நாக்குல வெக்கற" என்று அவர் கேட்டதும், நீ முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு சொன்னாயே, "எனக்கு இந்த வருசம் ஒருசந்தி இல்லீங்க மாமா" என்று.

நாட்டாமைக்குப் புரிய கொஞ்ச நேரம் ஆயிற்று. எனக்கு அந்த நிமிஷமே புரிந்துவிட்டது. அக்டோபர் மாதத்துப் புகை புரிந்தது, கேப்பைக் கூழ் புரிந்தது, வைக்கோல் புரிந்தது. "உப்பு?" என்று மட்டும் கேட்டேன். "இன்னும் ஒரு கை போடலாங்க்கா" என்றாய். உப்புச் சட்டியை உன்னிடம் நீட்டினேன். நீயே போட்டாய்.

நீ பூசைக்கு உள்ளே போன பிறகு நான் அடுப்புக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். உன் மாமா ஏன் என்று கேட்டார், புகை என்றேன். எனக்கும் அந்தப் பொய் உதவிற்று. பூசை முடிந்ததும் நாட்டாமை முதல் இலையில் உட்கார்ந்து குழம்பை மூன்று முறை வாங்கினார். மேலத்தெருக்காரர்கள் வரிசையில் நின்றார்கள். முனியம்மாளே தன் ஆப்பத்தை எடுத்துவந்து, "கொஞ்சம் கொழம்பு ஊத்துடி" என்று நின்றாள், ஊற்றினேன். "எடம் ஒனக்குத்தான் போ" என்று நாட்டாமை கை கழுவும்போதே சொல்லிவிட்டார். நீ அப்போது கோவில் பின்பக்கத்தில் கொழுந்தனார் மடியில் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தாய். எழுப்ப மனசு வரவில்லை.

விடிந்ததும் நீங்கள் ரயிலுக்குப் புறப்பட்டுவிட்டீர்கள். ஆள் கூட்டத்தில் நான் உன்னை ஒன்றும் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்னிடம் ஏன் சொல்லவில்லை?

உன் அக்காள்
சவுரியம்மாள்


விழுப்புரம், 16 ஜனவரி 1938

என் அக்காளுக்கு அம்மணி கைகளை முத்தி செய்து எழுதுவது. பத்திரமாக வந்துவிட்டோம். சுகமாக இருக்கிறேன். இந்த முறை உண்மையாகவே சுகம்.

கார்டில் எழுதினால் சீனுவாசன் படிப்பார் என்பது ஒரு காரணம். அது சின்னக் காரணம். முன்பு இரண்டு முறையும் எனக்கு வயிற்றில் தங்கிய உடனே உங்களிடம்தான் முதலில் சொன்னேன். நீங்கள் பழம்புடவையைக் கிழித்துத் துணி மடித்து வைத்தீர்கள். இரண்டு முறையும் போனபோது என்னைவிட நீங்கள்தான் அதிகம் அழுதீர்கள். அந்தத் துணிகளை யாருக்கும் தெரியாமல் மறுபடி பெட்டியின் அடியில் வைத்ததை நான் பார்த்தேன். மூன்றாம் முறையும் சொல்லிவிட்டு, பிறகு இல்லை என்று எழுத எனக்குக் கை வராது அக்கா. அதனால் குழந்தை அசைகிறவரை வாயைத் திறப்பதில்லை என்று முடிவு செய்தேன். உங்கள் நவம்பர் கடிதத்தைப் படித்து அழுதேன். இவர் அதை மடித்து உத்தரத்தில் சொருகிவிட்டார்.

டிசம்பர் கடிதம் வந்த அன்றைக்குத்தான் நன்றாக அசைந்தது. ஆஸ்பத்திரியில் கன்னியாஸ்திரி அம்மாவைக் கேட்டேன். ஒருசந்தி வேண்டாம், இந்த உடம்புக்குக் கறியும் சாப்பிடலாம் என்றார். ரயிலில் போ, வண்டி குலுங்காமல் பார்த்துக்கொள் என்றார். இவர் கால் கடுக்க நடந்ததற்கு அதுதான் காரணம்.

அந்தத் துணிகளை எடுத்து வெயிலில் போடுங்கள்.

தங்கள் தங்கச்சி
அம்மணி


சேசு மரி சூசை துணை
வேலாங்குப்பம், 8 மே 1938

பச்சை உடம்புக்காரி அம்மணிக்கும், எங்கள் வீட்டுக்கு வந்த மகாராணிக்கும், கரி மனுஷன் கொழுந்தனாருக்கும் ஆசீர்வாதம். தாயும் பிள்ளையும் சுகம் என்று கொழுந்தனார் போட்ட கார்டு வந்தது. சீனுவாசன் இந்த முறை தெருமுனைவரைகூடப் பொறுக்கவில்லை, ஏரிக்கரையிலிருந்தே, "சவுரியம்மா, பொண்ணு பொறந்துகீது" என்று கூவிக்கொண்டு வந்தார். அவர் படித்ததற்காக முதல்முறையாக அவருக்கு ஒரு சொம்பு மோர் கொடுத்தேன். உன் மாமா கறுப்பாட்டிடம் போய்ச் செய்தி சொல்லிவிட்டு வந்தார். துணிகள் எல்லாம் துவைத்து, காய்ந்து, மடித்துத் தயாராக இருக்கின்றன. விருத்தாசலம் திண்டிவனம் போகும்போது ரயிலில் ஏற்றிவிடச் சொல்லியிருக்கிறேன்.

இந்த முறை திருநாள் இல்லாமலே சுவாமியார் வந்திருந்தார். கூட்டமில்லை, ஆகவே துணிந்து போய்க் கேட்டேன். பால் கொடுக்கிற தாய்க்கு ஒருசந்தி உண்டா என்றேன். இல்லை என்றார். அந்த மட்டும் நிம்மதி, இந்த வருஷமும் உப்பு பார்க்க நீ இருக்கிறாய். எதற்கு இதையெல்லாம் கேட்கிறாய் என்று அவர் விசாரித்ததால் குழம்புக் கதை முழுவதும் சொன்னேன். அவர் தாடியைத் தடவிக்கொண்டு, சமைக்கிறவள் உப்பு பார்க்க நாக்கில் வைத்துத் துப்பிவிட்டால் ஒரு குற்றமும் இல்லையே, இதை யாரும் உனக்குச் சொல்லவில்லையா என்றார்.

இந்த ஒன்றரை வருஷம் நான் பட்ட பாடும், கோட்டக்குப்பம் போய் வந்ததும், விருத்தாசலத்துக்கு உப்புத்தண்ணீர் கொடுத்ததும் கண் முன்னால் வந்தது. சிரிப்பதா அழுவதா என்று தெரியாமல் நின்றேன். அப்புறம் யோசித்துப் பார்த்தேன். இது வெளியே தெரிந்தால், அண்ணியே துப்பிப் பார்த்துக்கொள்ளட்டும் என்று கொழுந்தனார் உன்னை அங்கேயே வைத்துக்கொள்வார். அதனால் சுவாமியார் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை. உபதேசியாரிடமும் இல்லை, உன் மாமாவிடமும் இல்லை. இந்தக் கவரையும் பருக்கையால்தான் ஒட்டுகிறேன். நீயும் படித்துவிட்டு அடுப்பில் போட்டுவிடு.

டிசம்பரில் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வந்து சேர். என் குழம்புக்கு உப்பு பார்க்க வேறு ஆள் கிடையாது.

உன் அக்காள்
சவுரியம்மாள்

குழம்பு கரித்த அந்த வருஷம் இரண்டாம் கை உப்பைப் போட்டது நீதான்.